அம்மனுக்கு எதிராக ஒரு ஸ்ட்ரைக்

நல்லையா: …தொறக்க மாட்டேன்னா தொறக்க மாட்டேன். வேணும்னா மாரியாத்தாவே வந்து சொல்லட்டும். யோசிக்கிறேன்.

அங்கம்மா: அவ எப்புடி மச்சான் வருவா? அவளைத்தானே உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க.

நல்லையா: சக்தி இருந்தா பூட்டை ஒடைச்சிக்கிட்டு வரட்டும்.

ஜொனி: அந்தப் பூட்டுக்குச் சக்தியெல்லாம் வேணாம் பூசாரி. பசறைச் சந்தையில வாங்கின பூட்டு. நான் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா…

நல்லையா: தட்டிப் பாரேன். லவுட்ஸ்பீக்கர் கட்ட வந்தவன் லவுட்ஸ்பீக்கரைக் கட்டிட்டுப் போ. வேதக்காரனுக்கு அம்மன் கோயில் பூட்டுல என்னா வேலை?

ஜொனி: எங்க கட்டுறது? கரண்டு உள்ளதானே இருக்கு. சுவிச்சு அம்மனுக்கு முதுகுப் பக்கம்…

அங்கம்மா: கேட்டீங்களா? நாளைக்கு வெள்ளிக்கெழமை, காப்புக்கட்டு. தோட்டத்து மூணு பிரிவுச் சனமும் வருது. கொழும்புக் கடையில நிக்கிற புள்ளைங்க எல்லாம் லீவு போட்டுட்டு இன்னைக்கு மத்தியான பஸ்ஸுல வந்து எறங்குதுக. வந்து பாத்தா கோயில் பூட்டியிருக்கு. பூசாரி வாசப்படியில குந்திக்கிட்டு வெத்தல போடுறாரு.

நல்லையா: பூசாரி ஸ்ட்ரைக்கு.

அங்கம்மா: அதைத்தான் இருவத்திரெண்டு நாளாச் சொல்றீங்க.

நல்லையா: நீ சங்கத்து மாதர் தலைவி. ஸ்ட்ரைக்குன்னா என்னான்னு ஒனக்கு நான் படிச்சுக் குடுக்கணுமா? கோரிக்கை வச்சேன். பத்து மாசம் பாத்தேன். நிர்வாகம் வாயே தொறக்கல. வேலைய நிறுத்திட்டேன்.

அங்கம்மா: நிர்வாகம்னா யாரு?

நல்லையா: உள்ள நிக்கிறாளே, சூலத்தைப் புடிச்சுக்கிட்டு.

ஜொனி: யேசுவே!

நல்லையா: அவரை ஏன் கூப்புடுற? அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவரு வேற கம்பெனி.

அங்கம்மா: சிரிக்காத ஜொனி. மச்சான், ஒரு சந்தேகம். நான் இப்ப யாரு பக்கம் நின்னு பேசணும்? தொழிலாளி பக்கமா, நிர்வாகத்துப் பக்கமா?

நல்லையா: இது என்னா கேள்வி? சங்கத்துல அங்கத்தவரு நானு. அவளா?

அங்கம்மா: சரி, தொழிலாளி பக்கமே நிக்கிறேன். கோரிக்கை என்னா? மறுபடியும் சொல்லுங்க, ஜொனியும் கேக்கட்டும்.

நல்லையா: ஊருக்கே தெரியும். எம் பொண்டாட்டி வேலாயி பேசணும். ஒரே ஒரு வார்த்தை.

ஜொனி: எந்த வார்த்தை?

நல்லையா: எதுன்னாலும் சரி. வையட்டும். முப்பத்தாறு வருசமா வஞ்சவதானே. காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வசவு. கொழுந்து நிறுத்துட்டு வந்து ஒரு வசவு. நடுவுல நான் சாப்பிட உக்காந்தா ஒண்ணு. இப்பப் பதினோரு மாசமா எங்க லயத்து வீட்டுக் காம்பராவுல சத்தமே இல்ல. ரேடியோவைப் போட்டுப் பாத்தேன். அவன் பாட்டுக்குச் செய்தி வாசிக்கிறான். ஒருத்தனும் என்னைய வையல.

ஜொனி: எங்க லயத்துப் பக்கம் வாங்க. எம் பொண்டாட்டி ஜெபமலருக்கிட்ட சொல்லி, எனக்குக் கெடைக்கிறதுல பாதிய ஒங்களுக்கு ஒதுக்குறேன்.

அங்கம்மா: ஜொனி!

ஜொனி: இல்ல தலைவி, எனக்கும் வருத்தந்தான். அந்தச் சித்திரை மாசம் வேலாயியக்கா மலையில விழுந்தப்ப என் த்ரீவீலர்லதானே தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனோம்? இங்கேருந்து மடுல்சீமை, பசறை, பதுளை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு சாமியக் கூப்பிட்டோம். பூசாரி மாரியம்மா, காளியம்மா, முனியாண்டின்னு கூப்பிட்டாரு. நான் மாதாவே, அந்தோனியாரே, செபஸ்தியாரேன்னு கூப்பிட்டேன். பசறை வர்றப்பவே சாமி பேரெல்லாம் தீந்துபோச்சு. குழி தீரல.

நல்லையா: டாக்டரு பாரிசவாதம்னாரு. வலது கை, வலது கால், வாயி. மூணையும் உள்ள நிக்கிறவ எடுத்துக்கிட்டா. இந்தத் தோட்டத்துல முப்பது வருசமா இவளுக்கு வெளக்கு வச்சவன் நானு. எனக்கு இவ குடுத்த பென்சனைப் பாத்தியா?

அங்கம்மா: மெதுவா… சாமிய அவ இவன்னு பேசாதீங்க.

நல்லையா: வேற என்னான்னு சொல்றது? தொரைசானின்னா?

ஜொனி: பூசாரி, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுலயும் இப்புடி ஒரு ஸ்ட்ரைக்கு நடந்துச்சு. போன வருசம் எங்க கெடா தொலஞ்சுபோச்சு. தொலஞ்சதைத் தேடிக் குடுக்கிறவரு அந்தோனியாருன்னு ஜெபமலரு ஒம்போது நாளு நவநாள் ஜெபம் செஞ்சா, மெழுகுதிரி கொளுத்துனா. கெடா வரல. அந்தோனியார் சுரூபத்தை எடுத்தா, செவுத்தைப் பாக்கத் திருப்பி வச்சிட்டா. “கெடா வந்தாத்தான் நீ எங்க மூஞ்சியப் பாக்கலாம்”னு சொல்லிட்டா.

அங்கம்மா: அடப் பாவமே. சின்னப் புள்ளைய மூலையில நிக்க வைக்கிற மாதிரி.

ஜொனி: மூணு நாளு நின்னாரு. நாலாம் நாளு கெடா வந்துருச்சு.

நல்லையா: பாத்தியா! போராட்டத்துக்குப் பலன் இருக்கு.

ஜொனி: பலனெல்லாம் இல்ல. கெடாவை வெலை பேசி கீழ்ப்பிரிவுல கட்டி வச்சதே நான்தான். சோறு திங்கிறப்பல்லாம் அந்தோனியார் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரா… எனக்குத் தொண்டையில எறங்கல. அவுத்துக்கிட்டு வந்துட்டேன். ஜெபமலருக்கு இன்னும் தெரியாது, சொல்லிறாதீங்க.

அங்கம்மா: அவ திருப்பித்தானே வச்சா. இவரு பூட்டியில்ல வச்சிருக்காரு! மணியோட நாக்கைக் கூடக் கழட்டி வச்சிருக்காரு, பாரு.

ஜொனி: ஆமா… மணிக்கு நாக்கைக் காணோம். அது எதுக்குப் பூசாரி?

நல்லையா: ஸ்ட்ரைக்குன்னா சங்கு ஊதுவானா? பெரட்டு மணி அடிப்பானா? அதேதான்.

அங்கம்மா: எல்லாத்துக்கும் ஒரு பதிலு. இந்தாங்க மச்சான், தோட்டத் தலைவரு ரொம்பக் கோவமா இருக்காரு. பதுளையில இருந்து ஒரு ஐயரைக் கூட்டியாந்து பூட்டை ஒடைச்சுக் காப்புக் கட்டப் போறாராம்.

நல்லையா: கருங்காலி.

அங்கம்மா: யாரு, தலைவரா?

நல்லையா: ஐயரு. ஸ்ட்ரைக்கு நேரத்துல வேலைக்கு வர்றவன் கருங்காலி. அவன் பூணூல் போட்டிருந்தா என்ன, சட்டை போட்டிருந்தா என்ன.

அங்கம்மா: அப்ப கோரிக்கையக் கொஞ்சம் கொறைங்க. வார்த்தை வேணாம். ஒரு சத்தம் போதும்னு வைப்போம். நேத்து அக்கா “ஆ”ன்னுச்சே, நான் என் காதால கேட்டேன்.

நல்லையா: அது கொட்டாவி.

அங்கம்மா: இடது கையால ஒங்களை அடிச்சுச்சாமே?

நல்லையா: யாரு சொன்னா?

ஜொனி: லயமே சொல்லுது. கரண்டியாலயாம்.

நல்லையா: கரண்டியா? தேத்தண்ணிக் கோப்பை! ஆறு அடி தூரம். நெத்தியில சரியா… இந்தா பாரு, தொட்டுப் பாரு. இன்னும் வீக்கம் வத்தல. இடது கைதான். ஆனாக் குறி தப்பல.

ஜொனி: பெருமையப் பாருங்க தலைவி. அப்ப நிர்வாகம் கொஞ்சம் எறங்கி வந்திருக்குல்ல? வாயால இல்லாட்டியும் கையால வஞ்சாச்சு. காலையில மட்டும் வேலை செஞ்சவளுக்குத் தோட்டத்துல அரைப்பேரு போடுவாங்களே, அது மாதிரி ஆத்தாளுக்கும் ஒரு அரைப்பேராவது போடுங்க. வேலாயியக்கா தேறி வருது, எல்லாருக்கும் தெரியும்! இன்னும் ஒரு மாசத்துல…

நல்லையா: டேய், சத்தம் போடாத!

ஜொனி: என்னா?

நல்லையா: மெதுவாப் பேசு. தேறுது கீறுதுன்னு இங்க நின்னு கத்தாத.

ஜொனி: ஏன்?

நல்லையா: …உள்ள கேக்கும்.

ஜொனி: கேக்கத்தானே பூசாரி சாமி இருக்கு?

நல்லையா: ஸ்ட்ரைக்கு நேரத்துல தொழிலாளி வீட்டுச் சேதி நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. எதுக்கும் அந்தப் பக்கமா தள்ளி வாங்க. இந்தக் கல்லுகிட்ட.

ஜொனி: ஆத்தாடி, பெரிய அரசியலு. நான் வெலிமடைத் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்கேன், வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குக் கட்டியிருக்கேன். சாமியே கேட்டுறக் கூடாதுன்னு சொன்ன பூசாரிய இங்கதான் பாக்குறேன்.

அங்கம்மா: அது இருக்கட்டும். இந்தக் கிளியாஞ்சட்டி என்னா மச்சான்? வாசல்ல, பூட்டுக்கு நேரா. எண்ணெ இன்னும் ஈரமா இருக்கு.

நல்லையா: எது?

அங்கம்மா: ஸ்ட்ரைக்குக்காரரு வெளக்கு வைப்பாரா?

நல்லையா: அது… அது வேற. ஸ்ட்ரைக்குன்னாலும் மாட்டுக்குப் புல்லு அறுத்துப் போடுறோம்ல? பிள்ளைக் காம்பராவுல புள்ளைகளுக்குப் பாலு காச்சுறோம்ல? அதுமாதிரி. அவ இருட்டுல கெடக்கணும்னு நான் எப்பச் சொன்னேன்?

ஜொனி: வெளக்கு வெளியில. அவ உள்ள. வெளிச்சம் எப்புடிப் போகும்?

நல்லையா: கதவுல இடுக்கு இருக்கு.

ஜொனி: பூசாரி, ஒண்ணு சொல்லட்டா? எங்க கோயில்ல ஒரு கூண்டு இருக்கு. சாமியாரு அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம். போயி முழங்கால்ல நின்னு மனசுல உள்ளதைக் கொட்டிட்டு வந்துரலாம். அவரு மூஞ்சியக் கூடப் பாக்க வேண்டியதில்ல. ஒங்களுக்குத்தான் அது இல்ல. அதான் இப்புடிப் பூட்டுக்கு முன்னாடி உக்காந்து… இருங்க, போனு. ஜெபமலரு. “ஆ, சொல்லு… இல்ல, இன்னும் தொறக்கல… நான் என்னா பண்ணட்டும், நானா பூட்டுனேன்?… சரி… சரி… வைக்காத, ஏய்…” வச்சிட்டா.

அங்கம்மா: என்னாவாம்?

ஜொனி: ரெண்டாவது பெட்டி ஸ்பீக்கரு லொறியிலேருந்து எறங்கிருச்சாம். நான் பெரட்டுக் களத்துல வயரு இழுத்து வைக்கிறேன். தலைவி, பன்னெண்டு மணிக்குள்ள ஒரு முடிவச் சொல்லுங்க. எனக்கு என்னமோ இவரு அம்மனோட பேசி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வருசத் திருவிழாவே வந்துரும்.

அங்கம்மா: போ, போ. நான் பேசிக்கிறேன்.

நல்லையா: நீயும் போ. வெயிலு ஏறுது.

அங்கம்மா: நான் போகல.

நல்லையா: இருவத்திரெண்டு நாளா தெனமும் வர்ற. தொரைகிட்ட நாம கக்கூசு கேட்டப்பக் கூட நீ இத்தன நடை நடக்கல. ஒனக்கு என்னா இவ்வளவு அவசரம்?

அங்கம்மா: தலைவி இல்லையா? சனம் என்னையத்தானே கேக்கும்.

நல்லையா: சனம் திருவிழாவைத்தான் கேக்கும். நீ வேலை இல்லாத ஞாயித்துக்கெழமைலயும் வந்து நின்ன. யாரும் கேக்காத நேரத்துல.

அங்கம்மா: பேச்சை மாத்தாதீங்க. ஜொனி போயிட்டான். இப்ப நான் தலைவியாப் பேசல.

நல்லையா: பின்ன?

அங்கம்மா: கொழுந்தியாளாப் பேசுறேன்.

நல்லையா: அப்பப் பேச்சுவார்த்தை தோத்துருச்சுன்னு அர்த்தம்.

அங்கம்மா: ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அக்கா விழுந்தது சித்திரையில. ஆடியில சளி கட்டிக்கிட்டு மூச்சு முட்டுச்சு. அப்பக் கோயிலு தொறந்திருந்துச்சு. கார்த்திகையில முதுகெல்லாம் புண்ணு. அப்பவும் தொறந்திருந்துச்சு. மாசியில காச்சலு, மூணு நாளா மொனகிக்கிட்டே கெடந்தா. அப்பவும் தெனமும் பூசை நடந்துச்சு. சரியா?

நல்லையா: இப்ப என்னா, கணக்கப்புள்ள வேலை பாக்குறியா?

அங்கம்மா: சரியான்னு கேட்டேன்.

நல்லையா: …சரி.

அங்கம்மா: மாசி கடைசி செவ்வாக்கெழமைதான் அக்காவுக்குக் கண்ணு தெளிஞ்சுச்சு. நீங்க கஞ்சி ஊட்டுனீங்க. உப்பு இல்லன்னு ஒங்க மூஞ்சியிலேயே துப்புனா. துப்பிட்டுச் சிரிச்சா. நான் பக்கத்துல நிக்கிறேன். ஒம்போது பத்து மாசத்துல மொத மொதலாச் சிரிச்சா.

நல்லையா: பாதி வாயிதான் சிரிச்சுச்சு.

அங்கம்மா: பாதியோ முழுசோ, சிரிப்புதானே? அன்னைக்கு நீங்க ஓடியாந்து சூடம் கொளுத்தியிருக்கணும். ஆனா மறுநாளு புதன்கெழமை காலையில கோயிலைப் பூட்டிட்டீங்க. கெடந்தப்பத் தொறந்து வச்சவரு, தேறுனப்புறம் பூட்டுறீங்க. எந்த ஊருல மச்சான் கேட்டது கெடைக்க ஆரம்பிச்சப்புறம் ஸ்ட்ரைக்கு பண்ணுவாங்க?

நல்லையா: அவ பேசல. நான் கேட்டது பேச்சு.

அங்கம்மா: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

நல்லையா: ஒன் மூஞ்சியில என்னா இருக்கு? பாத்தா அவ மூஞ்சியாட்டமே இருக்கு. போ புள்ள.

அங்கம்மா: செவ்வாக்கெழமைக்கு முந்தின வெள்ளிக்கெழமைப் பூசை. நான் வந்திருந்தேன். திரையை இழுத்து விட்டுட்டு உள்ள போனீங்க. அலங்காரம் நடக்குதுன்னு சனம் நின்னுச்சு. அரை மணி நேரம். வெளியில வந்தீங்க. தட்டைக் கீழ வச்சீங்க. ஒருத்தருக்கும் திருநீறு குடுக்கல. செருப்பு கூடப் போடாம எறங்கிப் போயிட்டீங்க.

நல்லையா: எனக்கு அன்னைக்குத் தலையச் சுத்துச்சு.

அங்கம்மா: முப்பது வருசத்துல ஒங்களுக்குத் தலை சுத்தினதே இல்லையா? காச்சலோட நின்னு திருநீறு குடுத்த ஆளு நீங்க. அன்னைக்கு உள்ள என்னா கேட்டீங்க?

நல்லையா: கேட்டதைத்தான் கேட்டேன்.

அங்கம்மா: ஒரு வார்த்தை பேச வையின்னா?

நல்லையா: இந்த வெத்தலயில சுண்ணாம்பு கூடிருச்சு. வாயெல்லாம் வேகுது.

அங்கம்மா: துப்பிட்டுச் சொல்லுங்க.

நல்லையா: நீ மெதுவாப் பேசு.

அங்கம்மா: மெதுவாத்தான் பேசுறேன். நீங்க சொல்லுங்க.

நல்லையா: அன்னைக்குக் காலையில அவ முதுகைத் தொடைச்சு மருந்து வச்சேன். புண்ணுக்குள்ள எலும்பு தெரியுது, அங்கம்மா. அவளால கத்த முடியல. வாயி கோணிக்கிட்டு… திரும்பி என்னையப் பாத்தா. நம்ம பட்டியில ஒரு மாடு கன்னு போட முடியாம ரெண்டு நாளு கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அது பாத்த பார்வை.

அங்கம்மா: இருக்கு.

நல்லையா: அதோட பூசைக்கு வந்தேன். திரையை இழுத்தேன். சூடத்தைத் தட்டுல வச்சேன். பேச வையி ஆத்தான்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். பத்து மாசமா அதைத்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்? பழகுன வாயி. ஆனா வேற வந்துருச்சு.

அங்கம்மா: என்னா வந்துச்சு?

நல்லையா: “கூட்டிக்கிட்டுப் போயிருடி”ன்னு கேட்டேன். ஒரு தடவை இல்ல. மூணு தடவை. சூடத்தை அணைக்கிறதுக்கு முன்னாடி, தலையில கைய வச்சுக்கிட்டு, முழுசாக் கேட்டேன். பேரு சொல்லி, ஊரு சொல்லி, லயத்து நம்பரு சொல்லி. ஆளு மாறிறக் கூடாதுல்ல.

அங்கம்மா: அய்யோ மச்சான்.

நல்லையா: நாலு நாளுல கஞ்சியத் துப்புறா! சிரிக்கிறா! நீ கையத் தட்டுற. எனக்குச் சிரிக்கிறதா ஓடுறதான்னு தெரியல.

அங்கம்மா: ஆத்தா ஒங்க பேச்சைக் கேக்கல. அவ்வளவுதானே? நல்லதுதானே?

நல்லையா: கேக்கலன்னு யாரு சொன்னா? நம்ம கேட்டது எது கேட்ட நேரத்துல வந்திருக்கு? எங்கப்பாவுக்கு அடையாள அட்டை கேட்டு எழுதிப் போட்டோம். அவரு கருமாதியன்னைக்கு வந்துச்சு. கூரைக்குத் தகரம் கேட்டோம். மழை விட்டப்புறம் வந்துச்சு. எதுவுமே வராமப் போகல அங்கம்மா. எல்லாம் பிந்தித்தான் வந்துச்சு. இவ மட்டும் ஒடனே குடுப்பாளா? நான் கேட்டது எங்கயாவது வரிசையில நிக்கும். வேலாயி எந்திரிச்சு உக்காந்து, நடந்து, வாயத் தொறந்து என்னைய வைய ஆரம்பிக்கிற அன்னைக்குப் பாத்து, “இந்தா நல்லையா, நீ கேட்டது”ன்னு குடுத்தான்னா?

அங்கம்மா: அதுக்காகப் பூட்டுனீங்களா?

நல்லையா: வேற என்னா செய்ய? மணி அடிச்சா முழிப்பா. பூசை வச்சா நம்ம பக்கம் திரும்புவா. திரும்பினா ஞாபகம் வரும். சும்மா கெடக்கட்டும்னு விட்டுட்டேன். மறந்துட்டான்னா நல்லது.

அங்கம்மா: அப்ப இந்த ஸ்ட்ரைக்கு, கோரிக்கை, நிர்வாகம்…

நல்லையா: சனத்துகிட்ட என்னான்னு சொல்றது? பொண்டாட்டியக் கொண்டு போன்னு சாமிகிட்ட எழுதிக் குடுத்துட்டேன்னா? ஸ்ட்ரைக்குன்னு சொன்னா நம்ம சனம் ஏன்னு கேக்காது. எத்தன நாளைக்குன்னுதான் கேக்கும்.

அங்கம்மா: உள்ள இருக்கிறது வெறும் கல்லுன்னு நெனைச்சிருந்தா ஒங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்ல.

நல்லையா: அப்புடி நெனைச்சுப் பாத்தேன். ரெண்டு நாளு நெனைச்சேன். மூணாம் நாளு எண்ணெப் போத்தலைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

அங்கம்மா: அக்காவுக்குத் தெரியுமா?

நல்லையா: தெரியும்னுதான் நெனைக்கிறேன். கோப்பைய எறிஞ்சப்ப என் கண்ணையே பாத்தா. அப்புறம் கைய நீட்டி இந்த வீக்கத்தைத் தடவிக் குடுத்தா. அது எதுக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கல. வஞ்சிரு புள்ள. நல்லா வஞ்சிட்டுப் போ. கூடப் பொறந்தவள்ல நீ. கட்டுனவனே சாகக் கேட்டிருக்கான். ஒனக்கு வயிறு எரியுமா இல்லையா? அவளுக்குத்தான் வாயில்ல. அவளுக்கும் சேத்து நீ வையி.

அங்கம்மா: எனக்கும் வாயில்ல மச்சான். மார்கழியில ஒரு நாளு அக்காவுக்கு மேலு கழுவி விட்டுட்டு, அந்த ஈரக் கையோட நேரா இங்கதான் வந்தேன். ஒங்களுக்கு முந்தியே கேட்டுட்டேன். நீங்க கேட்டதையேதான். கேட்ட எடத்துலதானே வேணாம்னு சொல்லணும்? அதுக்குத்தான் தெனமும் வந்து இந்தப் பூட்டைப் பாத்துட்டுப் போறேன். நாளைக்குச் சனம் வந்துட்டா வாயத் தொறக்க முடியாது. எந்திரிங்க. தொறங்க… ரெண்டு பேருமாப் போயிச் சொல்லுவோம்.